ஊதாக் கறை

சட்டை தோளைவிட்டு வழிந்தது.

கை, விரல் நுனி வரை நீண்டது. கழுத்துக்குள் இன்னொரு கழுத்தை விடலாம் போலிருந்தது. போச்சுடா, இந்த நோய் தோலோடு நிற்காமல் சதையையும் தின்ன ஆரம்பித்துவிட்டதா என்று எனக்குப் பகீரென்றது.

சட்டை என்னுடையதுதான். இரண்டு முழங்கையிலும் நாவல்பழச் சாறு கொட்டியதுபோல் ஊதாக் கறை. பஃபலோ ரோட்டில் இந்தக் கறை வேறு யார் சட்டையில் இருக்கிறது?

ஆஸ்பத்திரிக் களிம்பு செய்த வேலை அது. பூசும்போது மஞ்சள், துணியில் பட்டால் ஊதா. காலையில் துணிக்கட்டைப் போட வந்த டோபி மாணிக்கம் நொந்துகொண்டுதான் போனான்.

"கறைத் துணியெல்லாம் தனியா அவிச்சுப் பாத்துட்டேண்ணே. போவ மாட்டேங்குது. அப்படியே உங்க கட்டுல வச்சிட்டேன்."

கறை கிடந்துவிட்டுப் போகட்டும். படை போகிறதே, அது போதாதா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஆரம்பித்தது, முழுசாக ஏழு வருஷம். முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில். உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் உதிரும். சிராங்கூன் ரோட்டில் வாயுள்ளவரெல்லாம் எனக்கு வைத்தியர். வேப்பெண்ணெய் பூசு என்றார் ஒருவர். மீனை நிறுத்து என்றார் இன்னொருவர், நிறுத்தினேன். சீன மருந்துக்கடைக் கஷாயத்தில் வயிறு போனதுதான் மிச்சம். கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டர்தான் இதற்கு சொரியாசிஸ் என்று பெயர் சொன்னார். யாருக்கும் தொற்றாது என்று கடிதமும் கொடுத்தார். அந்த மஞ்சள் களிம்பு நாலே வாரத்தில் என் முழங்கையை மறுபடி மனிதத் தோலாக்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரர் அழகப்பன் அறையைக் காலி செய்யச் சொன்னார்.

"எல்லாக் குடித்தனமும் ஒரே குளியலறைல குளிக்கிறாங்க தம்பி. தொத்து நோய்னு பேசுறாங்க. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க."

டாக்டர் கடிதத்தை நீட்டினேன். விரலால்கூடத் தொடவில்லை. என்னையே பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படித்தார். அப்புறம் ஒரு போலீஸ் விசாரணை. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எத்தனை நாளில் மருந்து கேட்டது. களிம்பின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக இரண்டு தரம் சொல்ல வைத்தார். நானும் மடையன்போல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

கேட்டுக்கொண்டு, "ஆனாலும் காலி பண்ணிடுங்க" என்றார் மனிதர். எரிச்சலில் எனக்கு மண்டை காய்ந்தது.

மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுக் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறவர். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பொத்தான் ஒன்றுகூட அவிழாது. அந்தப் பவுசு வேறு.

என் மனைவி லீலாவுக்கு இது எட்டாம் மாதம். பிரசவ ஆஸ்பத்திரி நடக்கிற தூரம் என்றுதான் இந்தப் புறாக்கூண்டில் கிடக்கிறோம். மாதம் முடிய இன்னும் மூன்றே நாள். பயா லேபாரில் ஓர் அறை இருக்கிறதாம். பார்க்கக் கிளம்பினால் இந்தச் சட்டை இப்படி.

"ஏங்க, திரும்புங்க" என்றாள் லீலா. "முதுகுல எப்பங்க வந்துச்சு?"

முதுகிலா?

கழற்றிப் பார்த்தேன். முதுகு நெடுக ஊதா. எட்டாத இடத்தில் அள்ளி அப்பியதுபோல் கண்டபடி இழுபட்டிருந்தது. என் முதுகில் ஒரு பொட்டு செதில் கிடையாது.

கழுத்துப்பட்டையைப் புரட்டினேன். ஆளுக்கு ஆள் துணி மாறாமலிருக்க மாணிக்கம் அழியாத மையில் ஒரு குறி வைப்பான். என்னுடையது இரண்டு புள்ளி. இதில் இருந்தது கூட்டல் குறி. அறிவுகெட்டவன், குறியைப் பார்க்காமல் கறையைப் பார்த்துப் பிரித்திருக்கிறான்.

கூட்டல் குறி யாருடையது என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாராவாரம் துணி வந்தால் முதலில் எடுக்கிற கட்டு அது. வீட்டுக்காரர் எடுத்த பிறகுதான் மற்றவர் கை வைக்கலாம்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. முற்றத்தில் நின்று ஒரு கத்துக் கத்தினால் ஆறு குடித்தனமும் கூடிவிடும். இந்தா பார் தொத்து நோய் என்று விரித்துக் காட்டிவிடலாம். லீலா கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் படியிறங்கினேன். கத்தத்தான் இறங்கினேன்.

அழகப்பன் கதவைத் திறந்தார். என் கையில் சட்டையைப் பார்த்தார். குழாயடியில் இரண்டு பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

அவர் ஒரு கை தானாகப் போய் மற்றக் கையின் பொத்தானைத் தடவிப் பார்த்தது, போட்டிருக்கிறதா என்று.

ஏழு வருஷம் நானும் இப்படித்தான் பொத்தானைத் தடவினேன்.

சட்டையைக் கறை உள்ளே போகும்படி மடித்தேன்.

"டோபி மாத்திப் போட்டுட்டான்ணே" என்றேன், குழாயடிக்குக் கேட்கும்படி. பிறகு குரலைத் தாழ்த்தினேன். "களிம்பு மேல பவுடர் தூவி, பழைய பனியன் ஒண்ணு போட்டுக்குங்க. சட்டையில ஏறாது."

கடிதத்தைத் தொடாத விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்கயும் போவ வேணாம் தம்பி. உள்ள வாங்க. முதுகுக்குக் கை எட்ட மாட்டேங்குது."

வெளியே பயா லேபார் பஸ் போகிற சத்தம் கேட்டது. நான் அவர் முதுகில் களிம்பு பூசிக்கொண்டிருந்தேன், வாய்க்குள் திட்டிக்கொண்டே.