தங்க வேல் புகார்

சனிக்கிழமை மதியம் ஸ்டேஷனுக்குள் நுழைந்த அழகம்மாள், தங்க வேல் களவு போய்விட்டது என்றதும் சப்-இன்ஸ்பெக்டர் உடையப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கோயில் வேலு? எத்தன பவுனு?"

"பவுனெல்லாம் இல்லீங்க சார். செல்லுல விளையாடுறோம்ல, அதுல உள்ள வேலு."

உடையப்பனின் முதுகு மறுபடியும் சாய்ந்தது. பெண் காவலர் சுகுணா ஒரு ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

அந்த விளையாட்டைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. டி.வி. கார்ட்டூனில் பிள்ளைகளின் செல்லங்களாக இருந்த வால்முனி என்ற அணிலும் கருப்பட்டி என்ற காக்காவும் இப்போது செல்லுக்குள் வந்துவிட்டார்கள். பிடித்தவரைத் தேர்ந்தெடுத்து, காடு மேடெல்லாம் அலைந்து, அரக்கர்களை அடித்து, ஆயுதம் சேர்த்து, படிப்படியாகப் பலம் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கென்று வந்த விளையாட்டுதான். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்ததால் பெரியவர்கள் ஆடினார்கள்.

மறுநாள் திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. முதல் பரிசு ஸ்கூட்டி. கையில் தங்க வேல் இருந்தால் கடைசி அரக்கன் ஒரே குத்தில் விழுவான். இல்லாவிட்டால் நாம் விழ வேண்டியதுதான்.

"என் மக கலைமதி காலேசுக்கு டவுன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறா சார். அந்த ஸ்கூட்டியத்தான் நம்பியிருந்தேன்." அழகம்மாளுக்குக் கண் கலங்கியது.

அழுகிற பெண்ணை நிற்கவைத்துத் திட்டும் வழக்கம் உடையப்பனுக்கு இல்லை. உட்காரவைத்துத்தான் திட்டுவார்.

"உக்காரும்மா. எந்த ஊரு?"

"அன்னவாசலுக்கு அங்கிட்டுங்க. சாருக்கு?"

"எனக்கும் பூர்வீகம் அங்கிட்டுத்தான்."

"அப்படிங்களா! எந்தக் கோயிலுங்க கும்புடுறீங்க?"

புதுக்கோட்டைப் பக்கம் முறை தெரியாமல் பேச்சு நகராது. பிடிபட்ட திருடனிடமும் குலதெய்வத்தை விசாரித்துவிட்டுத்தான் விலங்கை எடுப்பார்கள். மாமன் மச்சானாக இருந்துவிட்டால், பிறகு விசேஷ வீட்டில் முகத்தில் விழிக்க வேண்டுமே!

"ஒத்தப்பனை முனி," என்றார் உடையப்பன் பெருமையாக.

"ஆத்தாடி! நாங்களும் அந்த முனிதாங்க. அப்பப் பங்காளியாப் போச்சு. நீங்க எனக்கு அண்ணன் முறை!"

அண்ணன் முறைக்கு மரியாதையாக ஒரு டீ வந்தது.

"சரி தங்கச்சி, யாரு மேல சந்தேகம்?"

அழகம்மாள் டீயை ஊதினாள். "சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுண்ணே. இந்த டவுன்ல தங்க வேலு வச்சிருக்கிறது ஒரே ஒரு ஆளுதானாம். அவரு இந்த ஸ்டேஷன்லதான் இருக்காராம்."

சுகுணாவின் வாயிலிருந்து ஃபைல் இறங்கியது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த உடையப்பனுக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது.

ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான் அது. ரோந்து என்று கிளம்பும் ஐயா, சித்தன்னவாசல் பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு அரக்கர்களைத்தான் வேட்டையாடுவார். பூட்டிய வீட்டுத் திருட்டு வழக்குகள் பூட்டியபடியே கிடக்க, அவருடைய வால்முனி மட்டும் உச்சிக்குப் போயிருந்தான். ஸ்கூட்டி நீல நிறமாக இருக்க வேண்டும் என்று அவர் மனைவி புவனேஸ்வரி சொல்லியும் விட்டாள்.

"யாரைப் பாத்து என்ன பேசுற? அது நானே பாடுபட்டு வாங்குனது!"

"நான் உங்களச் சொல்லலீங்களேண்ணே..."

"இங்கிட்டு வா. நல்லாப் பாத்துக்க!"

செல்லைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். தங்க வேலோடு வால்முனி துள்ளிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே, 'எமன் உடையப்பன்' என்று ஆட்டக்காரரின் பெயர் மின்னியது.

"தைப்பூசத்தன்னைக்கு மலை அரக்கன அடிச்சு எடுத்தது. தேதியே போட்டிருக்கு. படி!"

அழகம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஏன் சார், எதுக்கு இம்புட்டுப் பதட்டம்?" என்றார் சுகுணா.

"நீ ஒன் வேலையப் பாரும்மா!"

"வீட்டுல ஒரு வார்த்தை பேசிட்டு வாரேண்ணே," என்று அழகம்மாள் எழுந்தாள். வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து செல்லை நோண்ட ஆரம்பித்தாள். உள்ளே உடையப்பன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். விஷயம் மேலதிகாரி காதுக்குப் போனால் ஸ்கூட்டி என்ன, ஜீப்பே போய்விடும்.

மீதி டீ ஆறுவதற்குள் அவள் திரும்பி வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"புகாரெல்லாம் வேணாம்ணே. வேலு கெடச்சிருச்சு."

"கெடச்சிருச்சா? எங்க இருந்துச்சு?"

"சொந்தத்துக்குள்ளதாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

உடையப்பனுக்குப் போன உயிர் திரும்பியது. உயிரோடு குரலும் வந்தது. "சொந்தக்காரவுககிட்ட நல்லா விசாரிக்காம கவுர்மெண்டு ஆளு மேல பழி போடுறதா? போ, போயி மகள நல்லாப் படிக்க வையி."

அவள் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டு டவுன் பஸ் ஏறிப் போனாள்.

சுகுணா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பரவால்ல சார். திருப்பிக் குடுத்துட்டீங்க, அந்த மட்டுக்கும் நல்லது. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"ஏம்மா, நான் எதையும் எடுக்கவுமில்ல, குடுக்கவுமில்ல!"

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் செல் சிணுங்கியது. விளையாட்டுக் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி.

'வீரர் எமன் உடையப்பன் அவர்களே, உங்கள் குலதெய்வம் எது என்ற ரகசியக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிப் புதிய பாஸ்வேர்டு பெற்றுக்கொண்டீர்கள். உடனே நீங்கள் அன்பளிப்பாக அனுப்பிய தங்க வேல் 'காக்கா அழகம்மாள்' அவர்களுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, உங்கள் தாராள மனதுக்கு நன்றி.'