அந்தப் பக்கத்துத் தங்கப்பழம்

புது நாய்க்குட்டிக்கு அண்ணன் என்ன பேர் வைக்கப்போகிறான் என்று, சோற்றுத் தட்டின் முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் தங்கப்பழம்.

மேலநீலிதநல்லூரிலிருந்து ஆட்டுக்கிடை போடுகிற ஒருவர் காலையில்தான் அதைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்திருந்தார். ஆள் இன்னும் போகவில்லை. முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணன் வீட்டில், அவருடைய பேச்சும் குட்டியின் கத்தலும் கேட்டுக்கொண்டே இருந்தன.

இந்தக் குட்டிக்கும் உங்கள் பேரையே வைத்தால் தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றுவேன் என்று சுப்புலட்சுமி விடிந்ததிலிருந்து புருஷன் தங்கப்பழத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லமாட்டாளா பின்னே?

எமர்ஜென்சி வந்த வருஷம் பொதுக் கிணற்றுத் தண்ணீரில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. தம்பி முறை தவறி மோட்டாரைப் போட்டுவிட்டான். அண்ணன் மருதப்பனின் மிளகாய்ச் செடி கருகிப்போனது. சிவனும் பெருமாளும் ஒரே உடம்பில் நிற்கிற சங்கரன்கோவிலில், ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டார்கள். சுவர் காய்வதற்குள் மருதப்பன் ஒரு நாயை வாங்கிவந்து, தங்கப்பழம் என்று பேர் வைத்தான்.

ஆளைத் திட்டினால் போலீஸ் ஸ்டேஷன் உண்டு. நாயைத் திட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது? தின்ற சோற்றுக்கு நன்றியில்லாத நாயே என்று பேர் சொல்லி அவன் கத்துவது தெருக்கோடி டீக்கடைவரை கேட்கும். அங்கே சிரிப்பார்கள். தங்கப்பழம் அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டான்.

நாய்க்கு இந்த அரசியல் எல்லாம் தெரியுமா? திட்டத் திட்ட வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலை நக்கியது. மருதப்பனுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் இல்லை. வீட்டில் பேச்சுத் துணைக்கு அது ஒன்றுதான். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தன் அதையும் வைதுகொண்டிருப்பான்? கொஞ்சங்கொஞ்சமாகக் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் வடித்த சோற்றில் முதல் உருண்டையை அதற்கு வைக்காமல் அவன் சாப்பிடமாட்டான் என்கிற அளவுக்கு வந்தது.

போன மாசம் அது செத்தது. மருதப்பன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான்.

"தங்கப்பழம், என்னைய விட்டுட்டுப் போய்ட்டியேலே."

விவரம் தெரியாத பெண்கள் நாலைந்து பேர் தலையை விரித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார்கள். சுப்புலட்சுமி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறவன் விளங்குவானா என்று சுவரைப் பார்த்து ஏசினாள். தங்கப்பழம் உள்ளே உட்கார்ந்து கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது அந்தப் பக்கம் அலுமினியத் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. சுப்புலட்சுமி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"டைகரு… ஏலே டைகரு, சோறு ஆறுதுலா. வந்து சாப்புடு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோமதியம்மன் கண் திறந்துவிட்டாள், வெள்ளிக்கிழமை மாவிளக்குப் போட வேண்டும் என்றாள். இனியாவது நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

தங்கப்பழம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

அம்மா சாகும்போது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. அன்றையிலிருந்து அவனைச் சோற்றுக்குக் கூப்பிட்டது அண்ணனுடைய குரல்தான். சுவர் வந்ததும் அது நின்றுபோனது. பிறகு அந்த நாயின் புண்ணியத்தில், தங்கப்பழம் சாப்புடுலே என்று மத்தியானந்தோறும் மறுபடி கேட்க ஆரம்பித்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவன் இந்தப் பக்கம் முதல் வாய் எடுத்து வைப்பான். பெண்டாட்டிக்கும் அது தெரியாது. இந்தக் குட்டிக்கும் தன் பேரையே வைக்க வேண்டுமே என்று அவன் காலையிலிருந்து சாமியை வேண்டிக்கொண்டிருந்ததும் தெரியாது.

கிடைக்காரர் அண்ணனிடம் கேட்பது காதில் விழுந்தது. நாக்குக்குப் பழகின பேர், தங்கப்பழம் என்றே இதையும் கூப்பிட்டால் என்ன என்றார்.

மருதப்பன் தட்டைக் குட்டியின் பக்கம் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பேரு ஒருத்தனுக்குத்தான் அண்ணாச்சி. அவன்தான் செத்துப்போய்ட்டாம்லா."