இடது பக்கம்

ரஞ்சனியின் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துக்கொண்டு போய் அவள் முகத்தைச் சுவரில் மோதினார் அவள் அப்பா துரைக்கண்ணு.

உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"உங்க அத்த கிட்ட வாக்கு குடுத்துட்டு வந்துருக்கேன். நர்சு படிப்பு கேக்குதா ஒனக்கு?"

மேல்மலையனூர் அத்தை மகனைக் கட்டிக்க மாட்டேன் நைனா என்று அவள் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திண்டிவனத்தில் சீட் கிடைத்த காகிதம் நாலு துண்டாகத் தரையில் கிடந்தது.

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் இருபது வருஷமாக நெல் மூட்டை தூக்குகிற கை அது. அந்தக் கைக்கு அவள் ஒரு கனமே இல்லை. இரண்டாம் தடவையும் மோதினார். மூன்றாம் தடவை மோதுவதற்குள் அம்மா ரஞ்சிதம் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

ரஞ்சிதம் கத்தவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை மட்டும் அவிழ்த்தாள்.

இடது காதுக்கு மேலே, முடி முளைக்காத இடத்தில், அந்தப் பள்ளம். கோழிமுட்டை ஒன்றைப் படுக்க வைக்கலாம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் அவள் மூளையிலிருந்து புற்றுநோய்க் கட்டியை எடுத்தார்கள். மூளை வீங்கியிருந்ததால் அறுத்தெடுத்த மண்டை எலும்பைத் திரும்ப வைக்காமல், வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரமாக வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அப்புறம் ஒருநாள், அந்த எலும்பு கெட்டுப்போச்சாம், இனிமே வெக்க முடியாதாம் என்று அவளே வந்து சொன்னாள். அந்த இடத்தில் தோலுக்குக் கீழே மூளைதான். ஒரு அடி போதும்.

ஒரு வருஷம் தாங்க மாட்டாள் என்று துரைக்கண்ணு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். முடி கொட்டியது. பிறகு எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, அடுப்பு பற்றவைத்தாள். சாகவில்லை.

அதிலிருந்து அவர் அவளை அடித்ததில்லை. கை ஓங்கும்போதெல்லாம் அவள் துண்டை அவிழ்ப்பாள். ஓங்கிய கை பீரோவில் இறங்கும். பீரோவின் இரண்டு கதவும் நசுங்கிப் போயிருந்தன.

"பொண்ண வுடுய்யா. இங்க அடி."

துரைக்கண்ணுவின் கை அந்தரத்தில் நின்றது. எப்போதும் நிற்கிற உயரம்தான். நெற்றி நரம்பு புடைத்து மூச்சு இரைத்தது. பீரோ பக்கம் திரும்பப் போகிறார் என்று ரஞ்சனி நினைத்தாள்.

அவர் திரும்பவில்லை. அடித்துவிட்டார்.

ரஞ்சிதம் பக்கவாட்டில் போய்க் கதவு நிலையில் மோதி விழுந்தாள். காதோரமாக ரத்தம் இறங்கித் தரையில் பரவி, கிழிந்த காகிதத்தை நனைத்தது. அவள் அசையவில்லை.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ரஞ்சிதம்."

அம்மாவைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டு ரஞ்சனி கேட்டதே இல்லை.

மறு நொடி அவர் வாசலைத் தாண்டி ஓடினார். மலைப்பாறையெல்லாம் கொதிக்கிற வெயில், காலில் செருப்பில்லை. கொன்னுட்டேன், எம் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன் என்று கத்திக்கொண்டே இரண்டு தெரு தள்ளியிருந்த போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். தெரு மொத்தமும் வெளியே வந்து நின்றது. போலீஸ் வருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் கால் வைக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

ரஞ்சனி அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைக்கப் பார்த்தாள். இடது பக்கம் கை பட்டுவிடக் கூடாதே. எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை. 

"போய்ட்டாரா?"

அம்மாவின் கண் திறந்திருந்தது.

ரஞ்சனி தலையை ஆட்டினாள். ரஞ்சிதம் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். பதறிப்போய் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள் ரஞ்சனி. அம்மா விடவில்லை. இன்னும் அழுத்தினாள்.

விரல் உள்ளே போகவில்லை. தோலுக்கு அடியில் கல் மாதிரி இருந்தது.

"செக்கப்புன்னு புதுச்சேரில தங்குனப்பவே எலும்ப வெச்சுட்டாங்க, நாலு வருஷமாச்சு. மேல சதை வத்திப்போச்சு, அதான் பள்ளம். ரத்தம் இந்த நெலையில இடிச்சது." ரஞ்சிதம் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அடிப்பாருன்னு மட்டும் நான் நெனைக்கலடி."

"எங்கிட்டகூட நீ சொல்லலியேம்மா."

"சொல்லியிருந்தா உம் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பாரு."

வெளியே ஜீப் வந்து நின்றது. கூடவே துரைக்கண்ணுவின் குரல்.

முன்பெல்லாம் ஒவ்வொரு காயத்துக்கும், வழுக்கி விழுந்துட்டா என்றுதான் அவர் சொல்வார். தெருவும் தலையாட்டும். இப்போது அந்தத் தெருவின் நடுவில் நின்று, போலீஸ்காரரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான மறுமாசம் கையை முறித்ததைச் சொன்னார். ரஞ்சனிக்கு முன்னால் வயிற்றிலிருந்த பிள்ளை எப்படிப் போனது என்பதைச் சொன்னார். யாரும் கேட்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரஞ்சனி வாசலுக்கு எழுந்தாள். ரஞ்சிதம் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரு. முழுசா சொல்லி முடிக்கட்டும்."

மறுபடி தரையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.