பால் ஸ்டோர் மேட்டுப் பந்தயம்

“நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட யோகேந்திரன் அண்ணனோட பந்தயம். அதுக்கு மூணு மாசமா பயிற்சி வேற. வெட்கமா இல்லையா உங்களுக்கு?”

மனைவி நட்டாலி கேட்டார். மார்கஸ் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தார்.

ஐம்பத்தெட்டு வயது. சனிக்கிழமை ஆனால் போதும், செண்டாயான் ஊர்ப் பக்கத்தில், சின்னப் பந்தய வண்டிகள் ஓட்டும் கோ-கார்ட் திடலுக்கு ஓடிவிடுவார். அங்கே அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்க, அன்றைக்கு நட்டாலியும் கூடவே ஏறிக்கொண்டார்.

திடலில் மார்கஸுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் முகுந்தன். மார்கஸின் வயதில் பாதிகூட இருக்காது.

“அங்கிள், வளைவுக்குள்ள போய் பிரேக் போடாதீங்க லா. முன்னாடியே போட்டுட்டு அப்புறம் திருப்புங்க. ஓரத்துல அடுக்கியிருக்கிற டயரைப் பார்த்தா டயர்லதான் போய் முட்டுவீங்க. வெளியே போற வழியைப் பாருங்க.”

மார்கஸ் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். இருபது சுற்று ஓட்டினார். இரண்டு தடவை புல்லில் சுழன்று நின்றார். மறுபடியும் ஓட்டினார். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

“ஒரு சுத்துக்கு அம்பத்து மூணு செகண்ட். மொத நாள் அறுபத்தொண்ணு, ஞாபகம் இருக்கா?” என்றார் முகுந்தன்.

“யோகேந்திரன் எவ்வளவு?”

“அந்த அங்கிளா? புதன்கிழமை வந்தாரு. அம்பத்து ரெண்டு.”

மார்கஸ் உடனே தலைக்கவசத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “இன்னொரு பத்து சுத்து.”

‘வேவு பார்க்கிறது வேறயா!’ நட்டாலிக்கு உடம்பு கூசியது.

திரும்பும் வழியில், வரிசை வரிசையாக மாடி வீடுகள் நிற்கும் ஓர் இடத்தில் மார்கஸ் காரை மெதுவாக்கினார்.

“இங்கதான் எங்க ரப்பர் தோட்டம் இருந்துச்சு. அதோ, அந்த சிக்னல் பக்கம், ரப்பர் பால் சேர்த்து வைக்கிற பால் ஸ்டோர். அங்கேருந்து ஒரு மேடு இறங்கும். பலகைக்குச் சக்கரமா நாலு பேரிங் மாட்டி, முன்னாடி ஒரு கயித்தைக் கட்டி, நானும் யோகாவும் வுடுவோம் பாரு! அந்தச் சத்தத்துக்கு வேலை வாங்குற மண்டோர் வீட்டு நாயெல்லாம் பின்னாடியே ஓடி வரும். சட்டை பூரா கித்தாப் பால் வாடை. வீட்டுக்குப் போனா அம்மாகிட்ட அடி.”

சொல்லும்போதே சிரித்தார்.

“யாரு ஜெயிப்பா?”

“அவன்தான். எப்பவும் அவன்தான். அவங்கப்பா சீவரத்தினம் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியாச்சே. எங்கப்பா பால் எடுக்க மரம் வெட்டுறவரு. ‘கிராணி ஐயா மகனை முந்திடாதடா’ன்னு சொல்லிச் சொல்லியே அனுப்புவாரு. அதனால பாதி மேட்டுல குதிகாலை மண்ணுல தேய்ப்பேன். தோலு உரிஞ்சிடும்.”

“ஓ! அதை இத்தனை வருசமா மனசுல வச்சிருந்து, இப்ப அந்த மனுசன் ஒடுங்கிப்போய்க் கிடக்கிற நேரத்துல ஜெயிக்கப் போறீங்க. அப்படித்தானே?”

மார்கஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

“அந்த மேட்டையே வெட்டிட்டாங்க, நட்டாலி,” என்று மட்டும் சொன்னார்.

பந்தய நாள் வந்தது. பத்து சுற்று. பழைய தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

யோகேந்திரனின் மனைவி நிரஞ்சனா ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும் மறு கையில் மருந்துப் பையுமாக நின்றார். “ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டார்தான். ஆனா எனக்குத்தான் படபடன்னு வருது.”

“பயப்படாதீங்கக்கா. எங்க வீட்டுக்காரர் விட்டுக் குடுத்துடுவார். நேத்தே சொல்லி வச்சிருக்கேன்,” என்றார் நட்டாலி.

கொடி இறங்கியது.

எட்டுச் சுற்று வரை யோகேந்திரன்தான் முன்னால். நட்டாலிக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்பதாவது சுற்றின் கடைசி வளைவில் யோகேந்திரன் கொஞ்சம் அகலமாகப் போனார். கிடைத்த இடைவெளியில் மார்கஸ் உள்பக்கமாக நுழைந்தார். அதற்குப் பிறகு வழியே விடவில்லை. ஒரு வண்டி நீளத்தில் ஜெயித்தார்.

ஒருவரும் கை தட்டவில்லை. நிரஞ்சனாவின் முகத்தை நட்டாலியால் பார்க்க முடியவில்லை.

யோகேந்திரன் தலைக்கவசத்தைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. கண் கலங்கியிருந்தது.

நட்டாலி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார். “மன்னிச்சிடுங்கண்ணே. எவ்வளவோ சொன்னேன், இவர் கேக்கலை. ஈவு இரக்கமே இல்லாம...”

“மன்னிப்பா?” யோகேந்திரன் மார்கஸின் கழுத்தில் கையைப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டார். “இவன் பழகாம வந்து தோத்திருந்தா, இந்த ஜென்மத்துக்கும் இவனோட பேசியிருக்க மாட்டேன்மா. ஆபரேஷன் ஆனதுலேருந்து வீட்டுல நான் என்ன சொன்னாலும் ‘சரி’ங்கிறாங்க. பேரன் கேரம்ல வேணும்னே தோக்கிறான். எல்லாரும் என்னைப் பாதி செத்தவனா நினைச்சு விட்டுக் குடுக்கிறாங்க. ‘நீயாவது என்னை உசுரோட இருக்கிறவனா நினைச்சு ஓட்டுடா’ன்னு இவன்கிட்ட கெஞ்சிக் கேட்டதே நான்தான்!”