துண்டு வாய்க்கா, கைக்கா?

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம். தரகர் செங்காளியப்பனின் துண்டிலிருந்து முப்பது வருடத்தில் ஒரு விலைகூட வெளியே கசிந்ததில்லை. இரண்டு நாளாகக் காய்ச்சலும் இருமலும் என்பதால் அந்தத் துண்டைத்தான் வாயில் கட்டியிருந்தார். பேரம் தொடங்கியதும் அவிழ்த்துக் கைமேல் போட்டார். மாடு வாங்க வந்த பொங்கியண்ணனின் முகத்துக்கு நேராக இருமினார்.

“வாய மூடுங்கண்ணா. ஊட்டுல நெறமாசக்காரி இருக்குறா.”

“மூடலாம். வெலை வெளிய தெரிஞ்சா மாடு கை மாறிருமப்பா.”

குழந்தை பிறக்கப்போகும் வீட்டுக்கு அந்தப் பசுவும் வேண்டும். மறுபடி இருமல் கிளம்பியது. பொங்கியண்ணன் துண்டை உருவித் தரகரின் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். பிறகு சந்தையே பார்க்க மூன்று விரலை நீட்டினான்.

பின்னால் நின்ற ஒருவர் அவசரமில்லாமல் நான்கு விரலைக் காட்டினார்.