ஷஹாத்தாவின் கவலை

நைல் கரையோரக் கிராமத்துக்கு வந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான் ஷஹாத்தா.

"மூணு நாளா காய்ச்சல் டாக்டர். அவளாலதான் எங்க குடும்பமே நடக்குது. எவ்வளவு செலவானாலும் காப்பாத்துங்க."

டாக்டர் ஊசி போட்டார். "நாளைக்கு எழுந்துடுவா. கொஞ்ச நாளைக்கு வேலை வாங்காதீங்க."

"கண்ணாட்டம் பாத்துக்கிறேன்."

அப்போது அவன் மனைவி நபவிய்யா தேநீர் கொண்டுவந்தாள். எருமையைத் தட்டிக்கொடுத்தபடியே கிளாஸை வாங்கிய டாக்டர் திடுக்கிட்டார். அவள் விரல்கள் கொதித்தன.

"உங்களுக்கும் காய்ச்சலாம்மா?"

"எனக்கென்ன டாக்டர். அவ பிழைச்சாப் போதும். பிள்ளைங்க பாலுக்கு அழுவுதுங்க."

"நாலு ரொட்டி சுட்டா வேர்த்து இறங்கிடும்," என்றான் ஷஹாத்தா.

மூன்றாம் நாள் டாக்டர் போன் செய்தார். "எருமை எழுந்துடுச்சா?"

"எழுந்துடுச்சு டாக்டர். கறக்கத்தான் ஆளில்ல. நபவிய்யாவை இப்பதான் அடக்கம் பண்ணிட்டு வர்றோம்."