பக்கத்து சீட்டின் எடை

"அண்ணன் எழுதினதுல முக்கால்வாசிதான் இருக்கீங்க அண்ணி!" என்று சிரித்தார் மெக்கானிக்.

அவளுக்குப் புரியவில்லை. அந்த ஆளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

கணவனின் ஜீப் ஏழு மாதமாக இந்தப் பட்டறையில் எலும்பும் தோலுமாக நிற்கிறது. காடு, மலை, ஆற்று மணல் எதிலும் ஏறி இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு பாகத்தையும் அவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தான். ரோடே இல்லாத இடமாகப் பார்த்துப் போவோம் என்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பான்.

ஸ்பிரிங் ஆர்டர் இன்று மதியத்துக்குள் போயாக வேண்டும். அவனோ சர்வே வேலையாக சிக்னல் கிடைக்காத மலையில் இருக்கிறான். மெக்கானிக் ஃபாரத்தில் தேடி வீட்டு நம்பருக்கு அடித்துவிட்டார். பட்டியலைப் பார்த்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார்.

வேலைக்குப் போகிற வழிதானே என்று வந்தாள்.

"எடைக்குத் தக்கத்தான் ஸ்பிரிங் சுத்துவாங்க. எடை கூடுதலா எழுதிட்டா பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போடும். குறைச்சு எழுதினா அடி தட்டும். அதான் ஆள் எடை வரைக்கும் வாங்கிடறது." மெக்கானிக் கிரீஸ் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

கணவனின் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தான்.

இரும்பு பம்பர், 46 கிலோ. சேற்றில் மாட்டினால் வண்டியை இழுத்துவிடும் வின்ச், 38. ஸ்டெப்னி, 41. ஓட்டுபவர், 78.

பக்கத்து சீட், 71.

அவள் ஐம்பத்திரண்டு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கிலோ இப்படி, ஒரு கிலோ அப்படி, அதே ஐம்பத்திரண்டு.

"பொண்டாட்டி எடையை எந்தப் புருஷன் சரியாச் சொல்லியிருக்கான்!" மெக்கானிக் மறுபடி சிரித்தார்.

தப்பாக எழுதிவிட்டான் என்றுதான் அவளும் நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. ஒரு அலமாரி வாங்க மூன்று தடவை சுவரை அளந்தவன் அவன். அவளை நிற்க வைத்து முழங்கை உயரம் பார்த்து, சமையல் மேடையை அரை இஞ்ச் இறக்கச் சொன்னவன்.

எழுபத்தொன்று என்று எழுதியிருந்தால், எங்கேயோ யாரோ எழுபத்தொன்று இருக்கிறாள்.

பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. தொட்டால் தெரிந்தது. தன்னுடையது என்று தெரியவில்லை.

"சீட்டு?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று தோன்றவில்லை.

"சீட்டு நகர்ற ரெயிலை மூணு இஞ்ச் பின்னாடி தள்ளச் சொல்லியிருக்காரு. வசதியா காலை நீட்டிக்கலாம்ல." மெக்கானிக் வண்டிக்குள் கைவிட்டு, சாக்பீஸ் போட்டிருந்த இடத்தைக் காட்டினார். "இன்னும் வெல்டு வைக்கல அண்ணி. இதையும் எடையையும் உங்களுக்குத் தக்க மாத்திடவா? இருபது கிலோ இடிக்குதே. அப்படியே விட்டா வண்டி லேசா ஒரு பக்கம் சாஞ்சுதான் நிக்கும்."

பேனாவை நீட்டினார்.

ஒரே ஒரு கோடு இழுத்தால் போதும். எழுபத்தொன்றை அடித்து ஐம்பத்திரண்டு என்று எழுதிவிட்டால், எழுபத்தொன்று ஏறும்போதெல்லாம் வண்டி அந்தப் பக்கமாகச் சாயும். இறங்கும்வரை சாய்ந்தே போகும்.

பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம். அவர் எழுதினபடியே இருக்கட்டும்."

"உங்க இஷ்டம்."

கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். பின் சீட், 14.

"அதுக்குத்தான் அண்ணன் என்னைப் பாடாப் படுத்திட்டாரு." மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். பின்பக்கத் தரையில் தடித்த இரும்புக் கொக்கிகள். "குழந்தை சீட்டை மாட்டறதுக்கு. இழுத்துப் பார்த்துட்டேன். யானையைக் கட்டினாலும் அசையாது."

அவள் குனிந்து ஒரு கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். ஓரம் கையைக் கிழிக்காதபடி வழவழவென்று தேய்த்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அறை நர்ஸ் அவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் குழந்தைகளைத் தராசில் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு; வீட்டில் குழந்தை கிடையாது. பதினாலு கிலோ என்றால் எத்தனை வயது என்று அட்டவணை பார்க்கத் தேவையில்லை.

தாளின் அடியில் தேதியைத் தேடினாள். ஏழு மாதத்துக்கு முந்தையது.

"இதை மட்டும் மாத்துங்க," என்றாள். "பதினஞ்சு போடுங்க. மூணு வயசுக் குழந்தை. ஏழு மாசத்துல ஒரு கிலோவாவது ஏறியிருக்கும்."

"பார்த்தீங்களா! பெத்தவங்க கணக்கே தனி!" மெக்கானிக் பேனாவை வாங்கி, பதினாலை அடித்துப் பதினைந்து எழுதித் திரும்ப நீட்டினார்.

அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். இனிஷியலில் கணவன் பெயரின் முதல் எழுத்து. பதினோரு வருடமாகப் போடுகிற அதே கையெழுத்து, அதே சாய்வில் விழுந்தது.

மெக்கானிக் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஏதோ நினைவு வந்தவராக அந்தப் பேனாவையே திரும்ப வாங்கி, உள்ளங்கையில் எழுதத் தயாரானார்.

"குட்டி பேரைச் சொல்லுங்க அண்ணி. பின் கதவுல பெருசா ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடறேன். அண்ணனுக்கே தெரிய வேணாம், வந்து பார்த்து அசந்துடட்டும்."

அவள் கைப்பையின் ஜிப்பை மெதுவாக மூடினாள்.

"அவர் வரட்டும். கேட்டுச் சொல்றேன்."